காரை விற்று ஒன்றரை வருடம் ஆயிற்று, கணக்குப் போட்டுப் பார்த்தேன்

மின்சார_ரயில்காரன் (குரோம்பேட்டை)

2016-இல் வாங்கிய சின்ன கார். ஆன்ரோடு விலை 5,60,000 ரூபாய். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் இடுப்பளவு தண்ணீர். கார் அதில் இரண்டு நாள் ஊறியது. இன்சூரன்ஸில் சரிசெய்து கொடுத்தார்கள், ஆனால் ஏசி போட்டால் ஈரத்துணி நாற்றம். சாம்பிராணிகூடப் போட்டுப் பார்த்தோம். 2024 மார்ச்சில் 1,90,000-க்குத் தள்ளிவிட்டேன்.

வேறு கார் வாங்கலாம் என்றுதான் விற்றேன். கொள்கை கிள்கை ஒன்றும் கிடையாது. எந்த மாடல், எந்த நிறம் என்று பார்த்துக்கொண்டே இருந்ததில் நாலு மாதம் ஓடிவிட்டது. அந்த நாலு மாதமும் வீடு நடந்துகொண்டுதான் இருந்தது. அப்புறம் யாரும் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

போன வாரம் பழைய பில்களைத் தேடி எடுத்துக் கணக்குப் போட்டேன். கார் கடைசியாக இருந்த வருடம்: வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்தை எட்டு வருடத்துக்குப் பங்கு போட்டால் வருடத்துக்கு 46,000. பெட்ரோல் 30,600 (லிட்டர் 102 ரூபாய் 63 காசு விற்ற காலம்). இன்சூரன்ஸ் 11,000. சர்வீஸ், டயர், பேட்டரி எல்லாம் சராசரியாக 15,000. தினமும் வண்டி துடைப்பவருக்கு 4,800. கூட்டினால் 1,07,400 ரூபாய். ஓடியதோ 4,200 கிலோமீட்டர்தான். வேலைக்கு நான் எப்போதும் நுங்கம்பாக்கத்துக்கு ரயிலில் போகிறவன், கார் ஞாயிற்றுக்கிழமைக்கும் கல்யாணத்துக்கும் மட்டும். ஆக கிலோமீட்டருக்கு இருபத்தைந்தரை ரூபாய் கொடுத்து என் வண்டியில் நானே டிரைவராக ஓடியிருக்கிறேன்.

கார் இல்லாத ஒரு வருடத்தில் ஆட்டோ, கால் டாக்சி 41,000. சீசன் டிக்கெட், பஸ், மெட்ரோ 8,500. கும்பகோணத்துக்கு ஒரு தடவை, திருவண்ணாமலைக்கு ஒரு தடவை டிராவல்ஸ் வண்டி எடுத்தது 19,000. மொத்தம் 68,500.

மிச்சம் 39,000 ரூபாய்க்குச் சற்றுக் கீழே. எதிர்பார்த்ததைவிடக் குறைவுதான். வேறு யாராவது இப்படி இருக்கிறீர்களா? வசதி இருந்தும் கார் வேண்டாம் என்று விட்டவர்கள்?

பழைய_வண்டி (கோவை)

சார், உங்கள் கணக்கில் ஓட்டை இருக்கிறது. தேய்மானம் 46,000-ஐ எடுத்துவிட்டால் உங்கள் கார் செலவு 61,000. அப்படிப் பார்த்தால் கார் இல்லாததால் உங்களுக்கு நஷ்டம்.

என்னுடையது 2009 மாடல். போன வருடம் பதினைந்து வருடம் முடிந்து, 5,000 ரூபாய் கட்டி, எஃப்சி (வண்டியின் தகுதிச் சான்று) காட்டி இன்னும் ஐந்து வருடத்துக்குப் பதிவைப் புதுப்பித்துவிட்டேன். இனி அதற்குத் தேய்மானம் என்ன இருக்கிறது? தேய்வதற்கு ஒன்றும் இல்லை. மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் போடுகிறேன். வருடம் 8,000 கிலோமீட்டர் ஓட்டுகிறேன், கிலோமீட்டருக்குப் பன்னிரண்டு ரூபாய்கூட ஆகவில்லை. பதினாறு வருடத்தில் ஒரு தடவை கிளட்ச் மாற்றியிருக்கிறேன், இரண்டு தடவை எலி வயரைக் கடித்திருக்கிறது.

புதுக் கார் வாங்கி எட்டு வருடத்தில் விற்பதுதான் வீண். கார் வீண் இல்லை.

மின்சார_ரயில்காரன்

ஒத்துக்கொள்கிறேன். ஒரு வண்டியைப் பதினாறு வருடம் வைத்திருக்கிற பொறுமை உள்ளவருக்கு என் கணக்கு பொருந்தாது. ஆனால் நீங்கள் சொல்வதிலும் ஒன்று இருக்கிறது, சார்: கார் மலிவாக வேண்டும் என்றால் அதிகமாக ஓட்ட வேண்டும். எனக்கு ஓட்ட இடம் இல்லை. குரோம்பேட்டையிலிருந்து தி.நகர் போனால் நிறுத்த இடம் தேடவே இருபது நிமிடம். ரயிலில் மாம்பலத்துக்கே இருபது நிமிடம்தான் ஆகிறது.

வேளச்சேரிவாசி

//நிறுத்த இடம் தேடவே இருபது நிமிடம்//

நிறுத்த இடம் தேடுவதைப் பற்றி எங்களிடம் சொல்லாதீர்கள். போன வருடம் அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் எங்கள் தெருவில் பாதிப் பேர் காரைக் கொண்டுபோய் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாக நிறுத்தினோம். செய்தியில்கூடப் பார்த்திருப்பீர்கள். அதில் ஒன்று என்னுடையது. மழை எதிர்பார்த்த அளவு பெய்யவில்லை என்பது வேறு கதை.

ஆனாலும் விற்க மாட்டேன். அம்மாவுக்கு வாரம் இரண்டு தடவை டயாலிசிஸ். அது முடிந்து வெளியே வருகிற அம்மாவை ஆட்டோவுக்கு வெயிலில் நிற்கவைக்க என்னால் முடியாது.

மின்சார_ரயில்காரன்

அதற்கு மேல் பேச்சு இல்லை, தம்பி. வைத்துக்கொள்ளுங்கள்.

ஓஎம்ஆர்_இரவுப்பணி

நான் மறுக்கத்தான் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

எனக்கு வேலை முடிவது இரவு பதினொன்றரை. கம்பெனி கேப் உண்டு. அது ஐந்து பேரை இறக்கிவிட்டு, ஓஎம்ஆரில் (பழைய மகாபலிபுரம் சாலை) ஆரம்பித்துத் துரைப்பாக்கம், பள்ளிக்கரணை, மேடவாக்கம் என்று சுற்றி என்னைக் கடைசியில் இறக்கும். வீட்டுக்குப் போய்ச் சேரும்போது மணி ஒன்று ஆகிவிடும். 2019-இல் கடன் போட்டு ஒரு கார் வாங்கினேன். செகண்ட் ஹேண்ட். முதல் நாள் இரவு தனியாக ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டு ஐந்து. அந்த ஐம்பத்தைந்து நிமிடத் தூக்கத்துக்கு நீங்கள் என்ன விலை போடுவீர்கள்?

எங்கள் அப்பாவிடம் ஸ்கூட்டர் இருந்தது. எங்கே போக வேண்டும் என்றாலும் அம்மா கேட்க வேண்டும், அவர் கொண்டுபோய் விட வேண்டும். ஓட்டுநர் இருக்கையில் நான் உட்கார்ந்தது எனக்குப் பெரிய விஷயம். ஆண்கள் காரை விடுவதும் பெண்கள் காரை விடுவதும் ஒன்று இல்லை.

மின்சார_ரயில்காரன்

உங்கள் பதிவை வீட்டில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். அது தப்பாகிவிட்டது. கீழே எழுதுவது என் மனைவி.

—

வணக்கம். இவருடைய கணக்கில் இதுவரை என்னைப் பற்றி ஒரு வரி இல்லை, அதனால் நானே எழுதுகிறேன்.

2017-இல் நான் லைசென்ஸ் எடுத்தேன். எட்டு போட்டுக் காட்டி முதல் தடவையிலேயே பாஸ். அதற்கப்புறம் அந்தக் காரை நான் மொத்தமாக ஒன்பதோ பத்தோ தடவை ஓட்டியிருப்பேன். ஒவ்வொரு தடவையும் பக்கத்து சீட்டில் இவர். "கிளட்ச், கிளட்ச்" என்பார். "லாரி, லாரி" என்பார். லாரி எனக்கும் தெரிகிறது. பல்லாவரம் பாலத்தில் ஒரு நாள் வண்டியை ஓரமாக நிறுத்தி, இறங்கி, சாவியைக் கொடுத்துவிட்டேன். அதோடு சரி.

அம்மா வீடு அம்பத்தூர். கார் இருந்த எட்டு வருடமும் இவருக்கு எப்போது ஞாயிற்றுக்கிழமை ஒழிகிறதோ அப்போதுதான் அம்மாவைப் பார்த்தேன். காரில்தான் போவோமே, தனியாக எதற்கு ரயிலில் என்று எல்லாரும் சொல்வார்கள். நானும் சொல்லிக்கொண்டேன். கார் போனபிறகு ஒரு புதன்கிழமை சும்மா கிளம்பினேன். பார்க் ஸ்டேஷனில் இறங்கி, எதிர்ப்பக்கம் போய், சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் ஸ்டேஷனில் அரக்கோணம் வண்டி ஏறினேன். ஒன்றரை மணி நேரத்தில் அம்மா வீட்டில் காபி குடித்துக்கொண்டிருந்தேன். இப்போது மாதம் மூன்று தடவையாவது போகிறேன். தி.நகரில் ஏதாவது வாங்க வேண்டும் என்றால் மாம்பலத்தில் இறங்கி அந்த ஆகாய நடைபாதையில் ஏறிப் பஸ் ஸ்டாண்டு வரை மேலேயே நடந்துவிடலாம், ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் இடிபட வேண்டியது இல்லை. வெள்ளை போர்டு பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம், எனக்கு டிக்கெட் செலவும் இல்லை.

ஓஎம்ஆர் தங்கச்சி சொல்வது முழுக்கச் சரி. அது உங்கள் கார். எங்கள் வீட்டில் இருந்தது இவருடைய கார். அதனால்தான் அது போனதில் எனக்கு ஒன்றும் குறையவில்லை.

ஓஎம்ஆர்_இரவுப்பணி

அக்கா ❤️ "லாரி எனக்கும் தெரிகிறது" என்பதை நான் பிரிண்ட் எடுத்து டாஷ்போர்டில் ஒட்டப் போகிறேன்.

பழைய_வண்டி

சார், எப்படி இருக்கிறீர்கள்? சாப்பாடு கிடைத்ததா?

மின்சார_ரயில்காரன்

கிடைத்தது. ரசம் மட்டும்.

பொங்கோல்_பேட்டை (சிங்கப்பூர்)

இங்கே கதையே வேறு. கார் வாங்க வேண்டும் என்றால் முதலில் வாகன உரிமைச் சான்றிதழ் ஏலத்தில் எடுக்க வேண்டும். 1990-இலிருந்து இருக்கிறது இந்த முறை. பத்து வருடத்துக்குத்தான் செல்லும், முடிந்ததும் மறுபடி பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும், இல்லையென்றால் வண்டியின் பதிவையே ரத்து செய்ய வேண்டும். 2023 அக்டோபரில் பெரிய கார் பிரிவுக்கு 1,50,001 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) போயிற்று. கவனியுங்கள், அது காரின் விலை இல்லை. காரை வைத்துக்கொள்ளும் உரிமைக்கு மட்டும்.

அதனால் இங்கே கார் இல்லை என்றால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. என் மேலாளர் எம்ஆர்டி ரயிலில்தான் வருகிறார். தேக்கா சந்தையில் மீனும் காய்கறியும் வாங்கி, இரண்டு சக்கரத் தள்ளுவண்டியில் போட்டு ரயிலில் இழுத்துக்கொண்டு வருகிற பாட்டிகளை ஞாயிறு காலையில் நிறையப் பார்க்கலாம்.

ஆனால் திருச்சியில் இருக்கும் என் அப்பாவுக்கு இது புரியவே இல்லை. "பன்னிரண்டு வருஷமா சிங்கப்பூர்ல இருக்கான், இன்னும் ஒரு கார் வாங்கல" என்று உறவினர்களிடம் குறைப்பட்டுக்கொள்கிறார். வீவக (அரசு அடுக்குமாடி) வீடு வாங்கிவிட்டேன் என்று சொன்னால் அது கண்ணுக்குத் தெரிவதில்லையாம். வாசலில் நிற்காதாம்.

தாமிரபரணி_கரை

மேலே எழுதிய அத்தனை பேரும் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறவர்கள். நான் அம்பாசமுத்திரத்துக்கு உள்ளே தள்ளி ஒரு கிராமம். எங்களுக்கு 1997-இல் மினி பஸ் திட்டம் வந்தபோதுதான் ஊருக்குள்ளேயே வண்டி வந்தது. அதற்கு முன் மெயின் ரோட்டுக்கு மூன்று கிலோமீட்டர் நடை. இப்போது ஒரு மினி பஸ், ஒரு டவுன் பஸ். இரவு எட்டரைக்குமேல் ஒன்றும் கிடையாது.

எங்கள் ஊரில் கார் என்று இரண்டுதான். ஒன்று அரிசி மில்காரருடைய பழைய ஆம்னி வேன், இன்னொன்று துபாயில் இருப்பவர் வாங்கிப் போட்டிருக்கும் கார். இரண்டுமே ஊர்க் கார்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி யாருக்காவது பிரசவ வலி என்றால் 108-க்குப் போன் போட்டுவிட்டு, கையோடு மில்காரர் கதவையும் தட்டுவோம். எது முதலில் வருகிறதோ அதில் ஏற்றுவோம். 2008-இல் 108 வந்தபிறகு மில்காரருக்குக் கொஞ்சம் தூக்கம் கிடைத்திருக்கிறது. என் இரண்டாவது மகள் அந்த ஆம்னியில்தான் பிறந்திருக்க வேண்டியவள், பதினைந்து நிமிடத்தில் தப்பித்தாள்.

பெட்ரோலுக்குக் காசு கொடுத்தால் வாங்க மாட்டார். தீபாவளிக்கு ஒரு குலை பழமோ, அறுப்பு நேரத்தில் இரண்டு நாள் மில்லில் கைமாற்று வேலையோ செய்துகொடுப்போம். நான் கார் வாங்கவில்லை. கார் இல்லாமலும் இல்லை. இதை என்னவென்று சொல்வது?

மின்சார_ரயில்காரன்

இந்த இழையில் இதுவரை வந்ததிலேயே எனக்குப் பிடித்தது இது. எங்கள் அடுக்குமாடியில் இருபத்திரண்டு வீடு, பத்தொன்பது கார். வார நாளில் பதினாலு பதினைந்து அப்படியே நிற்கும். ஒருவர் காரை இன்னொருவர் கேட்டுவிட்டால் அது அடுத்த சங்கக் கூட்டம் வரைக்கும் பேசப்படும்.

முட்டிவலி_71

நான் நங்கநல்லூர். வயது புனைபெயரிலேயே இருக்கிறது. கண்புரை அறுவைக்குப் பிறகு பையன் சாவியை வாங்கி வைத்துக்கொண்டான், ஆக நானும் கார் இல்லாதவன்தான், முடிவு பையனுடையது.

தம்பிகள் எல்லாரும் பணத்தையும் நேரத்தையும் பேசுகிறீர்கள். எனக்குத் தடை படிக்கட்டு. மின்சார ரயில் நிலையத்தில் நடைமேம்பாலம் ஏறி இறங்கி வருவதற்குள் ரயில் போய்விடும். ரயிலுக்கும் பிளாட்பாரத்துக்கும் இருக்கும் உயரம் என் வயதுக்கு ஒரு மலை. மெட்ரோவில் அந்தத் தொல்லை இல்லை, லிஃப்ட் இருக்கிறது, தளம் சமமாக இருக்கிறது. நங்கநல்லூர் ரோடு ஸ்டேஷனில் ஏறினால் சென்ட்ரல் வரை உட்கார்ந்தே போகிறேன். 2024 ஆகஸ்டிலிருந்து தாழ்தளப் பேருந்துகள் வந்தன. அதற்காக மாற்றுத்திறனாளிகள் தரப்பில் நீதிமன்றம் வரை போய்ப் போராடினார்கள், பலன் என்னைப் போன்ற கிழவர்களுக்கும் கிடைத்தது. நின்ற இடத்திலிருந்து அப்படியே உள்ளே கால் வைக்கலாம். ஆனால் அந்த வண்டி எப்போது வரும் என்று நின்று பார்ப்பதற்கு நிறுத்தத்தில் ஒரு பெஞ்சு வேண்டுமே.

ஆட்டோவுக்கு நான் ஆப் பயன்படுத்துவது இல்லை. பையன் போட்டுக் கொடுத்தான், மூன்று பேர் வருகிறேன் என்று சொல்லி ரத்து செய்தார்கள், நாலாவது ஆள் போன் போட்டு "எவ்வளவு காட்டுது, மேல அம்பது குடுங்க" என்றார். தெருமுனை ஸ்டாண்டில் இருக்கும் ஒருவரோடு பேசி வைத்திருக்கிறேன். ஆஸ்பத்திரி, வங்கி, கோயில் மூன்றுக்கும் விலை பேசியாயிற்று. 2013-இல் அரசு மீட்டர் கட்டணம் போட்டபோது முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அப்புறம் கிலோமீட்டருக்கு 12. அந்தக் கட்டணத்தை வைத்துக்கொண்டு இன்றைக்கு அவரிடம் பேசினால் அவர் வீட்டில் அடுப்பு எரியாது. எனக்கும் அது தெரியும். காத்திருக்கும் நேரத்துக்குக் காசு கேட்க மாட்டார், பையைத் தூக்கிக்கொண்டு மாடிவரை வருவார். டிரைவரோடு கார் வைத்திருக்கிற பணக்காரன் மாதிரிதான் இருக்கிறேன், மாதம் இரண்டாயிரத்துக்குள்.

யாழ்_மிதிவண்டி

இந்தப் பக்கத்திலிருந்தும் ஒன்று சொல்லலாம் என்று நினைக்கிறேன். நாங்கள் விரும்பிக் காரை விட்ட ஆட்கள் இல்லை, கார்தான் எங்களை அவ்வப்போது விட்டுவிட்டுப் போய்விடும்.

தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை. பெற்றோல் உள்ளே வராது. அப்பா ஒரு மொறிஸ் மைனர் வைத்திருந்தார். காபரேற்றருக்குள் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு இயந்திரத்தைக் கிளப்பி, சூடு ஏறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். பின்னால் வரும் புகையில் தெருவே மறையும். அதுவும் ஆஸ்பத்திரிக்கும் செத்தவீட்டுக்கும் மட்டும். மற்ற எல்லாவற்றுக்கும் சைக்கிள்தான். கல்யாணத்துக்கும் சைக்கிள், விறகுக்கும் சைக்கிள். இரவில் அதைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றினால் டைனமோவில் ரேடியோ பாடும். செய்தி கேட்கவென்று நானும் தங்கையும் முறை வைத்துச் சுற்றியிருக்கிறோம். எனக்குச் சைக்கிள் என்றாலே அந்தக் கரகரச் சத்தம்தான் முதலில் நினைவுக்கு வரும்.

பிறகு 2022. பெற்றோல் வரிசை. எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூஆர் அட்டை வந்த தொடக்கத்தில் காருக்குக் கிழமைக்கு (வாரத்துக்கு) 20 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4. வாகன இறக்குமதி 2020-இல் நின்றது, தனியார் கார்களுக்கு 2025-இல்தான் மறுபடி திறந்தது. இடையில் பழைய கார்களுக்கு விலை ஏறிய ஏற்றத்தைப் பார்த்து, கார் வைத்திருந்தவர்கள் அதைக் காணி மாதிரி வைத்துக் காத்தார்கள். ஓட்டாமல்! நான் வங்கியில் வேலை செய்கிறேன், இப்பவும் சைக்கிளில்தான் போய்வருகிறேன், ஐந்து கிலோமீற்றர். யாழ்ப்பாணம் தட்டையான ஊர், அது ஒரு கொடுப்பினை. ஆனால் மகன் ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) எழுதும் வயது. அவனுக்குச் சைக்கிள் என்றால் கௌரவக் குறைச்சல். "நீங்கள் வழியில்லாமல் ஓடினீர்கள், அதையே இப்ப பெருமையாகச் சொல்கிறீர்கள்" என்கிறான். ஓம், அதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது.

ஸ்காபரோ_குளிர்

யாழ் அண்ணை, எங்கட அப்பாவும் மண்ணெண்ணெய்க் கார்க் கதை சொல்லுவார். 🙂

கனடாவில் கார் இல்லாமல் இருக்கப் போகிறேன் என்று நான் முடிவெடுத்தது 2021-இல். ஒன்ராறியோவில் கார் காப்புறுதி கட்டுகிற காசில் ஒரு அறை வாடகை கட்டலாம். ரிரிசியில் (ரொறன்ரோ நகரப் பஸ், ரயில்) ஒருக்கா அட்டையைத் தட்டினால் இரண்டு மணித்தியாலத்துக்கு ஏறி இறங்கலாம், நல்ல வசதி. வீட்டுக்குப் பக்கத்தில் ஸ்காபரோ ஆர்ரி (இலகு ரயில்) ஸ்ரேசன் இருந்தது. அதை நம்பித்தான் அந்த வீட்டையே எடுத்தேன்.

2023 ஜூலை 24-ஆம் தேதி அதில் ஒரு பெட்டி தடம் புரண்டது. அதோடு பாதையையே மூடிவிட்டார்கள், திரும்பத் திறக்கவே இல்லை. அதற்குப் பதிலாக பஸ். சுரங்க ரயிலை இந்தப் பக்கம் நீட்டுகிற வேலை நடக்கிறது, மூன்று ஸ்ரேசன். ஆனால் நான் இன்றைக்கு வேலைக்குப் போக வேண்டுமே. ஜனவரியில் மைனஸ் பதினேழு, பஸ் தரிப்பில் கண்ணாடித் தடுப்புக்குள் ஆறு பேர், நாலு பேர் தமிழர், ஒருவரும் கதைக்க மாட்டோம், வாயைத் திறந்தால் குளிர்.

இரண்டு குளிர்காலம் தாக்குப்பிடித்தேன். பிறகு கார் வாங்கிவிட்டேன். தோற்றுப்போனேன் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் நான் கார் இல்லாமல் இருந்தது என் மனவுறுதியால் இல்லை, அந்த ரயிலால். ரயில் போயிற்று, நானும் போனேன்.

பழைய_வண்டி

இந்தக் கடைசிப் பத்தியைத்தான் நான் முதல் நாளே சொல்ல வந்தேன், எனக்கு இவ்வளவு அழகாக வரவில்லை. கோவையில் எங்கள் பகுதிக்கு ரயிலும் இல்லை, மெட்ரோவும் இல்லை. பஸ் ஏறிக் காந்திபுரம் போய் மாற வேண்டும்.

கூடுவாஞ்சேரி_லேடீஸ்_கம்பார்ட்மெண்ட்

ஒரு வாரமாக ரயிலில் இதைப் படித்துக்கொண்டு வருகிறேன். நான் மாம்பலத்தில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறேன். காலை ஒன்பதுக்கு நின்றால் இரவு ஒன்பதரை.

எங்கள் வீட்டில் கார் இல்லை. என் அப்பா வீட்டிலும் இல்லை. அதைப் பற்றி யாரும் இழை தொடங்கியது இல்லை. நீங்கள் விட்டால் அது செய்தி, எங்களுக்கு அது செவ்வாய்க்கிழமை. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், இவருடைய மனைவி எழுதியது எனக்கு ரொம்பப் பிடித்தது, அம்பத்தூர் வரைக்கும் போய் வந்த மாதிரி இருந்தது.

ஆனால் ஒன்று கேட்கிறேன். ரயில் சும்மா காற்று வாங்கிக்கொண்டு போகிற மாதிரி எல்லாரும் எழுதுகிறீர்கள். காலை எட்டேகால் வண்டியில் பெண்கள் பெட்டியில் ஒரு நாள் ஏறிப் பாருங்கள். தாம்பரத்துக்குமேல் கையை மடக்க முடியாது. 2025 ஏப்ரலில் ஏசி ரயில் விட்டார்கள், நல்லதுதான், குறைந்த கட்டணம் 35 ரூபாய். சாதா வண்டியில் 5 ரூபாய். என் சீசன் டிக்கெட் வைத்துக்கொண்டு அதில் ஏற முடியாது. அந்த வண்டி போன இடைவெளியில் பிளாட்பாரத்தில் சேர்கிற கூட்டம் எல்லாம் அடுத்த சாதா வண்டியில் எங்கள் மேல்தான் ஏறும்.

கார்க்காரர்கள் ரயிலுக்கு வந்தால் எனக்குச் சந்தோஷம்தான். நாங்கள் இருபது வருடமாகப் புகார் எழுதிப் போடுகிறோம். நீங்கள் ஒரு வாரம் நசுங்கினால் உங்களில் ஒருவர் யாரையாவது தெரிந்துவைத்திருப்பார், போன் போடுவார்.

மின்சார_ரயில்காரன்

அம்மா, நீங்கள் சொன்னபிறகு என் தலைப்பைத் திரும்பப் படித்துப் பார்த்தேன். கூச்சமாகத்தான் இருந்தது. மாற்றலாம் என்று பார்த்தால் தலைப்பைத் திருத்த விடவில்லை.

நான் எட்டு ஐம்பது வண்டியில் பொதுப் பெட்டி. உட்கார இடம் கிடைக்காது, நிற்க இடம் கிடைக்கும். உங்கள் எட்டேகாலைப் பற்றி எனக்குத் தெரியவில்லை. புகார் எழுதினால் என் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எனக்குப் பெரிய ஆள் யாரையும் தெரியாது, ஆனால் கடிதம் நன்றாக எழுதுவேன், முப்பது வருடமாக ஆபீசில் அதுதான் வேலை.

கூடுவாஞ்சேரி_லேடீஸ்_கம்பார்ட்மெண்ட்

எழுதுங்கள். கையெழுத்து நான் வாங்கித் தருகிறேன், பெட்டி முழுக்க என் ஆட்கள்தான். நேரத்தைக் குறித்துக்கொண்டு வந்து தருகிறேன், எந்த வண்டி எத்தனை நிமிடம் தாமதம் என்று. இரண்டு வாரம் கொடுங்கள்.

வேளச்சேரிவாசி

இன்றைக்கு மறுபடி எச்சரிக்கை. சாயங்காலம் ஐந்து மணிக்கே காரைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் நிறுத்திவிட்டேன். இந்தத் தடவை எனக்கு முன்னால் நிறையப் பேர் முந்திக்கொண்டார்கள், ஏறக்குறைய இறக்கம் வரைக்கும் போய்த்தான் இடம் கிடைத்தது. அங்கிருந்து குடையைப் பிடித்துக்கொண்டு நனைந்தபடி வீட்டுக்கு நடந்து வந்தேன். அம்மாவுக்கு டயாலிசிஸ் நாளை மறுநாள்தான், அதற்குள் எடுத்துவிடுவேன்.

நாளைக்கு ஆபீஸ் போக வேண்டும், எழும்பூரில். பறக்கும் ரயிலில் போய்ப் பல வருடம் ஆயிற்று. எங்கே இறங்க வேண்டும்?

மின்சார_ரயில்காரன்

பார்க் டவுனில் இறங்குங்கள். அங்கிருந்து பார்க் ஸ்டேஷன் நடக்கிற தூரம்தான். தாம்பரம் பக்கம் போகிற எந்த வண்டியாக இருந்தாலும் ஏறலாம், அடுத்த ஸ்டேஷன் எழும்பூர். மழை நாளில் வண்டி தாமதமாகும், அரை மணி முன்னாலேயே கிளம்பிவிடுங்கள். குடை வேண்டாம், கூட்டத்தில் மடக்க முடியாது. ரெயின்கோட் போட்டுக்கொள்ளுங்கள்.